எண்ணெய் ஓடும் வழி

ஆற்காட்டிலிருந்து வாணியம்பாடி வரையில் பாலாற்றை ஒட்டி நீண்டு கிடக்கும் தோல் பதனிடும் பிரதேசத்தில், சித்திரை பிறந்தது முதல் அக்கினி நட்சத்திரம் கழியும் வரையில், வெயில் என்பது வெறும் பருவத்தின் குணமாக நின்றுவிடாமல், ஒவ்வொரு தொழிலின் கணக்கிலும் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டிய ஒரு செலவாகவே இருந்துவருகிறது. வேலூரில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அவ்வூராருக்கு ஒரு செய்தியே அல்ல. தாண்டாமல் ஒரு மே மாதம் கழிந்தால்தான் அதைப் பற்றித் திண்ணையில் பேச்சு எழும். தோலை உலர்த்துகிறவர்கள் இந்த வெயிலை வேண்டி நிற்பார்கள். யந்திரங்களை வைத்துப் பிழைக்கிறவர்கள் அதற்கு அஞ்சுவார்கள். ஏனெனில் எஃகு தாங்குகிற உஷ்ணத்தை அந்த எஃகுக்கு நடுவே ஓடும் எண்ணெய் தாங்குவதில்லை. மோட்டார் வண்டியின் தானியங்கி கியர் பெட்டிக்குள் ஓடும் சிவப்பு எண்ணெயையும், அதைக் குளிர்விப்பதற்காக வண்டி வாங்கிய பிற்பாடு தனியே வாங்கிப் பொருத்தும் கூலரையும், அவ்விரண்டுக்கும் இடையே எண்ணெயைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் குழாய்களையும் பற்றியே நான் இங்கே எழுத முற்படுகிறேன். முக்கியமாகக் குழாய்களைப் பற்றி.

வண்டி வைத்திருப்பவர்களில் அநேகர் எஞ்சினின் உஷ்ணத்தை அறிவார்கள். அதைக் காட்ட முகப்புப் பலகையில் ஒரு முள் உண்டு. அந்த முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்துவைத்து, தண்ணீர்ப் பாட்டிலோடு நிற்பது எந்த ஓட்டுநருக்கும் தெரிந்த சம்பிரதாயம். கியர் பெட்டியின் உஷ்ணத்தைக் காட்டும் முள்ளோ அநேக வண்டிகளில் கிடையாது. அது சூடேறுவதை அதன் சொந்தக்காரர் அறிவது பெரும்பாலும், கியர் மாறும்போது வண்டி ஒரு கணம் தயங்கிப் பின் உதறி எழும் நாளிலோ, எண்ணெயை அளக்கிற கம்பியை உருவி முகர்ந்து பார்த்த மெக்கானிக் முகத்தைச் சுளிக்கும் நாளிலோதான். அப்போதைக்குக் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

உஷ்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். கிளட்ச் மிதியை மிதித்துக் கையால் கியர் மாற்றும் வண்டியில் எஞ்சினையும் சக்கரத்தையும் பிணைப்பது உராய்வுத் தட்டு ஒன்று. தானியங்கி வண்டியில் அந்த ஸ்தானத்தை எண்ணெய் வகிக்கிறது: எஞ்சினால் சுழலும் இதழ்ச் சக்கரம் ஒன்று எண்ணெயை வீசி எறிய, அவ்வெண்ணெய் எதிரே உள்ள இன்னொரு இதழ்ச் சக்கரத்தின் மேல் மோதி அதைச் சுழற்ற, இடையே இரும்பும் இரும்பும் தொடாமலே பலம் கைமாறுகிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-ல் கப்பல்களை மனத்தில் வைத்துக் காப்புரிமை பெற்ற தத்துவம் இது. திரவத்தால் பலத்தைக் கடத்தும் இவ்வகை ஏற்பாட்டைக் கொண்ட தானியங்கி கியர் பெட்டி, 1940ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பெருவாரியாக விற்பனைக்கு வந்தது. இந்த ஏற்பாட்டின் சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு. இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலாத ஒவ்வொரு நொடியிலும், வேகத்தில் உள்ள வித்தியாசத்தில் பெரும் பங்கு எண்ணெயில் உஷ்ணமாக இறங்குகிறது. பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்ஸிலேட்டரையும் அழுத்தினால், நகராமல் நிற்கும் அந்த வண்டியின் எஞ்சின் உண்டாக்கும் பலம் அத்தனையும் சில லிட்டர் எண்ணெயைக் காய்ச்சுவதிலேயே செலவாகும்.

ஆகவே, சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூரைத் தாண்டி ஒரே வேகத்தில் போகிற வண்டிக்குப் பெரிய சங்கடம் இல்லை. அந்த வேகத்தில் உள்ளே ஒரு பூட்டுக் கிளட்ச் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்துவிடும்; நழுவல் நின்றுபோகும்; உஷ்ணமும் குறையும். சங்கடம் தொடங்குவது வாணியம்பாடி திருப்பத்தூர் சாலையில் பொன்னேரியில் திரும்பி ஏலகிரி ஏறத் தொடங்கும்போதுதான். தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் தாங்கி நிற்கும் அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி தவழ்ந்து ஏற வேண்டும். பூட்டுக் கிளட்ச் பிணைவதற்கு வேண்டிய வேகம் கிட்டாது. ஏழு பேரும் அவர்களுடைய பெட்டிகளும் ஏறியிருக்க, குளிர்சாதனம் முழு மூச்சில் ஓட, முன்னே ஒரு பஸ் புகை கக்கிக்கொண்டு வழி மறிக்க, மே மாதத்து மதியம் இரண்டு மணிக்கு அந்த மலையில் ஏறுகிற வண்டியின் கியர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த எண்ணெயின் மீது இரக்கமே உண்டாகும்.

தானியங்கி கியர் எண்ணெய்க்கு 80 முதல் 95 டிகிரி வரையிலான உஷ்ணம் இயல்பானது. 80 டிகிரிக்கு மேல் ஏறக்குறைய 11 டிகிரி கூடும்தோறும் எண்ணெயின் ஆயுள் பாதியாகிறது என்று இத்தொழிலில் ஒரு வாய்ப்பாடு வழங்குகிறது. அது அட்சரசுத்தமான விஞ்ஞானம் அல்லவென்றாலும் அனுபவத்தோடு பொருந்துகிற கணக்கு. 120 டிகிரியைத் தாண்டினால் எண்ணெய் காற்றோடு கூடிக் கெட்டு, வால்வுகளின் மேல் பழுப்பு நிற மெருகாகப் படியத் தொடங்கும். இன்னும் மேலே போனால் ரப்பர் சீல்கள் இறுகிக் கல்லாகும். கிளட்ச் தட்டுகள் நழுவும். நழுவுவதால் மேலும் உஷ்ணம் பிறக்கும். அந்த உஷ்ணத்தால் மேலும் நழுவும். கியர் பெட்டி ஒன்றைப் பிரித்துச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு, ஒரு நடுத்தரக் குடும்பம் பல மாதங்களுக்கு ஜீவிக்கப் போதுமானதாக இருக்கும்.

வண்டியைச் செய்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. அநேக வண்டிகளில் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள்ளோ பக்கத்தொட்டிக்குள்ளோ ஒரு சிறு குழாய்ச்சுருளை வைத்து, கியர் எண்ணெயை அதன் வழியே ஓடவிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சுருளைச் சுற்றியிருக்கும் தண்ணீரே 90 டிகிரியில் இருக்கும்போது, அதற்குள்ளிருந்து 70 டிகிரி எண்ணெய் எப்படி வெளிவரும்? போதாக்குறைக்கு, அந்தச் சுருளில் எங்கேனும் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து ரோஸ்மில்க் போன்ற ஒரு திரவமாகிக் கியர் பெட்டிக்குள் புகுந்து, கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் பூச்சையே உரித்துவிடும். குளிர் தேசங்களின் பருவத்துக்கு இந்த ஏற்பாடு சிலாக்கியமானது; பனிக்காலத்தில் எண்ணெயைச் சூடேற்றவும் அதுவே உதவும். வேலூரின் மே மாதத்துக்கு அது அரைகுறைப் பரிகாரமே. எனவேதான் ரேடியேட்டருக்கு முன்னால், காற்று முதலில் படும் இடத்தில், தனியே ஒரு கூலரை வைத்து, ரேடியேட்டரிலிருந்து வெளிவரும் எண்ணெயை அதன் வழியாகவும் ஓடவிட்டுப் பிறகு பெட்டிக்குத் திருப்புகிறார்கள்.

எல்லா வண்டிக்கும் இது வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கையால் கியர் மாற்றும் வண்டிக்கு இது தேவையே இல்லை. சிறு கார்களில் இப்போது மலிவாக வரும் ஏஎம்டி வகை, சாதாரணக் கியர் பெட்டியின் மேல் ஒரு யந்திரக் கையை வைத்ததுதான், அதற்கும் வேண்டாம். தொழிற்சாலையிலேயே காற்றால் குளிரும் கூலர் பொருத்தி வந்த வண்டிக்கு இன்னொன்று பெரும்பாலும் வீண். உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் வண்டியில் கை வைப்பதற்கு முன்னால் உத்தரவாதப் பத்திரத்தைப் படிக்க வேண்டும். சுமையோடு மலையேறுகிற, பின்னால் வண்டி கட்டி இழுக்கிற, நகர நெரிசலில் மணிக்கணக்காக ஊர்கிற தானியங்கி வண்டிக்கு மாத்திரமே இது அவசியம்.

அப்படிப்பட்ட வண்டிகள் ஆம்பூரில் நிறைய உண்டு. தோல் வாங்க வரும் வெளிநாட்டாரைச் சென்னை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்து, பேர்ணாம்பட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் சுற்றிக் காட்டி, மாலையில் ஏலகிரியில் கொண்டுபோய்த் தங்கவைக்கிற பெரிய வண்டிகள் அவை. அவற்றில் ஒன்றுக்குக் கூலர் பொருத்துவதைப் பக்கத்தில் நின்று ஆதியோடந்தமாகப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. நெடுஞ்சாலையை ஒட்டி, லேத் பட்டறை ஒன்றுக்குப் பின்புறம், ஓலையும் தகரமும் கலந்து வேய்ந்த ஷெட். அதை நடத்துகிற பெரியவரை ஊரில் எல்லோரும் பாய் என்றே அழைப்பார்கள். அவர் மோட்டார் தொழிலில் பிறந்தவர் அல்லர். தோல் ஷாப்புகள் என்று இவ்வூரார் சொல்லும் பதனீட்டுச் சாலைகளில் யந்திரம் பார்த்துக் கை பழகியவர்.

அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இந்தப் பிரதேசத்தின் பழைய பதனீட்டுத் தொழில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் தொட்டியையும் மனிதக் கையையும் நம்பி நடந்தது. பாதி பதனிட்ட தோலாகவே கப்பலேறிற்று. தோல் தொழிலைப் பற்றி அரசாங்கம் அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1973-ல் அரசாங்கம் பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதனீட்டுத் தோலுக்கும் அளவு நிர்ணயித்தபோது, முழுதாகப் பதனிட்டு மெருகேற்றிய தோலையும் செருப்பையும் செய்தாக வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. அதற்கு யந்திரங்கள் வேண்டும். தோலை இரு ஏடாகப் பிளக்கும் ஸ்பிலிட்டிங் மிஷின், தடிமனைச் சீர்செய்யும் ஷேவிங் மிஷின், நீரைப் பிழியும் சம்மியிங் மிஷின், சூடான தகட்டால் அழுத்தி மேற்பரப்பில் அச்சுப் பதிக்கும் பிளேட்டிங் பிரஸ் என்று அவை வரிசையாக வந்து சேர்ந்தன. அவற்றில் பல எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குபவை. பிரஸ்ஸின் எண்ணெய் சூடேறி இளகினால் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் தோலில் பதியும் அச்சு ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் மங்கலாகவும் விழும். மொத்தச் சரக்கும் கழிவாகும். எண்ணெயைக் குளிர வைப்பதும், குழாய் உரசாமல் பார்த்துக்கொள்வதும் அந்த யந்திரங்களைப் பராமரித்த ஒரு தலைமுறையின் அன்றாடக் காரியமாயிற்று. இன்று ஆம்பூரின் ஷெட்டுகளில் கார்களின் அடியில் படுத்துக் கிடக்கும் நுட்பம், எந்தப் பள்ளியிலும் பாடமாக வைக்கப்படாமல், தோல் ஷாப்பின் பிரஸ்ஸிலிருந்து நேரே கைவழியாக வந்தது.

கூலரைப் பொருத்துவது அரை மணி நேரத்து வேலை. தட்டும் மடிப்புமாக அடுக்கிய அலுமினியப் பெட்டி. இருபுறமும் இரண்டு மூக்கு. அதனோடு டப்பாவில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் வந்திருந்தன. அவற்றை ரேடியேட்டரின் இதழ்களின் ஊடே குத்தி இழுத்துக் கட்டினால் கூலர் நின்றுவிடும் என்று மேலே படம் போட்டிருந்தது. பாய் அவற்றை எடுத்துத் தனியே வைத்துவிட்டார். வண்டி குலுங்கும்தோறும் அந்த ஊசிகள் மெல்லிய இதழ்களின் மேல் உரசி, நாளடைவில் ரேடியேட்டரின் நீர்க்குழாயையே அறுத்துவிடும் என்பது அவருடைய அபிப்பிராயம். அது சரியான அபிப்பிராயமும்கூட. பட்டை இரும்பை வளைத்துத் துளையிட்டு, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தோடு போல்ட்டால் பிணைத்து, குளிர்சாதனக் கண்டென்சருக்கும் கூலருக்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, மூக்குகள் மேல் நோக்கியிருக்கும்படி நிறுத்தினார். மூக்கு கீழே பார்த்தால் காற்று உள்ளேயே தங்கிப்போய், எண்ணெய் பாதிக் கூலரை மட்டுமே நிரப்பும்.

அதன் பிறகு குழாய்க்கு வந்தார். அதில்தான் அந்நாளின் மிச்சப் பொழுது முழுவதும் கழிந்தது.

முதலில் எந்தக் குழாய் போவது, எது வருவது என்று நிச்சயிக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு எஃகுக் குழாய்களின் மேலும் இரு கைகளை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் இடதுகைப் பக்கத்துக் குழாய் முதலில் சூடேறிற்று. அது போவது; மற்றது வருவது. வருகிற குழாயைத்தான் வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு அவர் ரம்பத்தைத் தொடவில்லை. குழாயைச் சுற்றிச் சுழலும் சிறு சக்கரக் கத்தியால், ஒவ்வொரு சுற்றுக்கும் திருகை ஒரு இழை இறுக்கி, பொடி எழாமல் வெட்டினார். ரம்பத்தால் அறுத்தால் விழும் இரும்புப் பொடி எண்ணெயோடு சேர்ந்து கியர் பெட்டிக்குள் போய், மயிரிழை இடைவெளியில் நகரும் வால்வைக் கடித்துக்கொள்ளும். வெட்டிய விளிம்பின் உட்பக்கத்துப் பிசிரைச் சுரண்டித் துடைத்து, காற்றடித்து, அதன் பின் ஒரு கருவியால் அந்த விளிம்பை லேசாகப் புடைக்கச் செய்தார். வழவழப்பான எஃகின் மேல் ரப்பர்க் குழாயை நேரடியாகச் செருகிக் கிளாம்ப் போட்டால், எண்ணெய் சூடேறி அழுத்தம் கூடிய ஒரு நாளில் அது வழுக்கிக் கழன்றுவிடும். அந்தச் சிறு புடைப்பு தடுத்து நிறுத்தும்.

ரப்பர்க் குழாயிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பார்வைக்கு எல்லாக் கறுப்புக் குழாயும் ஒன்றுபோலவே இருக்கும். ரேடியேட்டர் தண்ணீருக்கான குழாயில் எண்ணெய் ஓடினால் அதன் ரப்பர் எண்ணெயைக் குடித்து வீங்கிப் பஞ்சாகும். பெட்ரோல் குழாய் எண்ணெயைத் தாங்கினாலும் இந்த உஷ்ணத்தைப் பல வருஷம் தாங்குமென்று நம்ப முடியாது. கியர் எண்ணெய்க்கென்றே செய்து, அதைக் குழாயின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். பாய் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அந்த எழுத்துகளைப் படித்துப் பார்த்த பிறகே கத்தியை எடுத்தார். கிளாம்பிலும் அதே சிரத்தைதான். பட்டையில் நீள்துளைகள் வெட்டிய சாதாரணத் திருகுக் கிளாம்பை இறுக்கும்போது, ரப்பர் அந்தத் துளைகளுக்குள் பிதுங்கி அறுபடும். ஓரம் மடிந்த, துளையில்லாத பட்டையுள்ள கிளாம்பையே அவர் போட்டார். ரப்பர் கிளாம்பின் ஓரத்தில் இலேசாகப் புடைக்கும் அளவுக்கு இறுக்கி, அதற்கு மேல் கையின் பலத்தைக் காட்டாமல் நிறுத்தினார். ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டிரண்டாக.

வண்டியின் ஓட்டுநர் இளைஞர். மாலைக்குள் சென்னைக்குக் கிளம்பியாக வேண்டியவர். ஷெட்டு வாசலில் நடை போட்டுக்கொண்டிருந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“பாய், சின்ன கிளாம்பு தானே? ஒண்ணு போட்டாப் போதாதா?”

“ஒண்ணே போதும் தம்பி. ரெண்டாவது, அந்த ஒண்ணு போதாமப் போற அன்னிக்கு.”

குழாயின் வழியைத் தீர்மானிப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தபோதுதான், இந்தத் தொழிலின் மையம் எதுவென்று எனக்கு விளங்கிற்று. எஞ்சின் அசையாத பொருளல்ல. ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்தோறும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. அந்தச் சாய்வுக்கு இடங்கொடுக்கும்படி குழாய் சற்றுத் தளர்ந்திருக்க வேண்டும். தொங்கும்படி தளர்ந்திருக்கவும் கூடாது. புகைக்குழாயிலிருந்து விலக வேண்டும், விசிறிப் பட்டையிலிருந்து விலக வேண்டும், சக்கரம் முழுதாகத் திரும்பும்போது ஸ்டீயரிங் கம்பி வந்து நிற்கும் இடத்திலிருந்தும் விலக வேண்டும். வளைவு நெளிந்து மடிந்தால் எண்ணெய் நின்றுபோகும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் தகட்டின் விளிம்பு கத்தியாகிவிடாமல் ரப்பர் வளையம் வைக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாக, உட்பக்கம் ரப்பர் பதித்த உலோகப் பிடிகளைச் சட்டத்தில் திருகி, அவற்றுக்குள் குழாயைப் படுக்க வைத்தார். டப்பாவில் வந்த பிளாஸ்டிக் டேக்குகளையும் அவர் பயன்படுத்தவில்லை. எஞ்சின் சூட்டில் அவை இரண்டு கோடை கழிவதற்குள் நொறுங்கும்.

“குழாய் எங்கேயும் உரசக் கூடாது சார். உரசினா இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு, நடு ரோட்டுல தெரியும்.”

தோல் ஷாப்பின் பிரஸ்ஸில் எண்ணெய் 200 பாருக்கும் மேலான அழுத்தத்தில் ஓடும். அதற்கான குழாயின் முனைகளை யந்திரத்தால் நசுக்கித்தான் பிணைப்பார்கள். கியர் எண்ணெய்க் கூலரின் வழியில் ஓடும் அழுத்தம் அதற்கு முன்னால் அற்பமானது. ரப்பரும் கிளாம்பும் தாராளமாகப் போதும். ஆனால் இங்கே கசிவு தண்டிக்கிற விதம் வேறு. குழாய் ஒன்று கழன்றால் சில நிமிஷங்களில் பெட்டி வற்றிவிடும். வற்றியது தெரியாமல் ஓட்டுகிறவர் அடுத்த மேட்டில் நிற்பார். கூலரே இல்லாத வண்டி மெதுவாகக் கெடும். குழாய் சரியில்லாத கூலர் பொருத்திய வண்டி ஒரே நாளில் கெடும். ஆகவே ஒழுங்காகக் குழாய் கட்டத் தெரியாத கையிடம் கூலரைக் கொடுப்பதைவிட, கூலரே இல்லாமல் இருப்பது மேல் என்பது என்னுடைய தீர்மானமான அபிப்பிராயம்.

இந்தச் சிவப்பு எண்ணெயைப் பற்றி ஒரு விஷயம். கசிந்தால் எஞ்சின் எண்ணெயோடு மயங்காமல் அடையாளம் தெரியட்டும் என்றுதான் அதற்குச் சாயம் ஏற்றுகிறார்கள். 1970களின் தொடக்கம் வரையில் அமெரிக்காவில் செய்த தானியங்கி கியர் எண்ணெயில், கிளட்ச் தட்டுகள் உதறாமல் இதமாகப் பற்றுவதற்காக, அம்பர் என்ற வாசனைப் பொருளைத் தரும் பெருந்தலைத் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்துவந்தார்கள். உஷ்ணத்தைத் தாங்குவதில் அதற்கு நிகராக வேறொன்று அப்போது எளிதில் அகப்படவில்லை. அதே திமிங்கிலத்தின் எண்ணெயைக் கந்தக அமிலத்தால் பக்குவம் செய்து, பதனிட்ட தோல் விறைக்காமல் மிருதுவாக இருக்கும்பொருட்டு அதற்கு ஊட்டும் கொழுப்பாகத் தோல் தொழிலும் உயர்வாகப் போற்றிவந்தது. 1970-ல் அமெரிக்கா அந்தப் பிராணியை அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்து அதன் எண்ணெயின் இறக்குமதியை நிறுத்தியபோது, ஒன்றையொன்று அறியாத அந்த இரண்டு தொழில்களும் ஒரே சமயத்தில் மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. சமுத்திரத்தின் ஆழத்தில் திரிந்த ஒரு ஜீவனின் தலைக்குள்ளிருந்து எடுத்த திரவம், கியர் பெட்டியிலும் தோலிலும் ஒருங்கே ஓடியிருக்கிறது என்பதை நினைக்கையில், நாம் ஒரு யந்திரத்துக்குள் ஊற்றுகிற எதையும் சாமானியமாகப் பாவிக்க மனம் வருவதில்லை.

பாலாற்றங்கரையில் நின்று குழாய்களைப் பற்றி யோசிக்கிறவனுடைய மனம் கார்களோடு நின்றுவிடவும் செய்யாது. திரவத்துக்கு ஒழுங்கான வழி அமைக்காததால் ஒரு நாடே எப்படிப் பாழாகும் என்பதற்கு இந்தப் பிரதேசம் சாட்சியாக நின்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கின்படி தோல் ஷாப்புகளின் கழிவுநீரால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் எழுதிய தீர்ப்பு பதிவு செய்கிறது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் அங்கமாக்கிய தீர்ப்பு அது; ஒவ்வொரு தோல் ஷாப்பும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஈடு இன்னும் முழுதாகச் சென்று சேரவில்லை என்பதால், 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே விவகாரத்தில் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழும்பியதும், ஷாப்புகளிலிருந்து அவற்றுக்குப் பூமிக்கடியில் குழாய்கள் போனதும், திரவக் கழிவு ஒரு துளியும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை வந்ததும், சவ்வூடு வடிகட்டிய நீர் மீண்டும் ஷாப்புக்கே திரும்பியதும் படிப்படியாக நடந்தவை. அழுக்கான திரவம் வெளியே போய், தெளிந்து, பிறந்த இடத்துக்கே திரும்பும் அந்தச் சுற்றும், கொதித்த எண்ணெய் வெளியே போய், ஆறி, பெட்டிக்கே திரும்பும் இந்தச் சுற்றும் அமைப்பால் ஒன்றே. இரண்டிலும் விலை உயர்ந்த சாதனம் சுற்றின் ஒரு புள்ளியில் இருக்கிறது. அபாயமோ அதன் நீளம் நெடுகப் பரவிக் கிடக்கிறது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றைத் தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, அருகே படுத்துத் தூங்கிய தொழிலாளர் 10 பேர் மாண்டார்கள். சுத்திகரிக்கும் நுட்பம் உலகில் இல்லாமல் அவர்கள் சாகவில்லை. திரவத்தைத் தாங்கி நிற்க வேண்டிய ஒரு சுவர் தாங்காததால் செத்தார்கள்.

ஆனாலும் நம்மிடையே மதிப்பு சாதனத்துக்கே போகிறது. கூலருக்குக் கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிற வண்டிச் சொந்தக்காரர், குழாய் கட்டிய கூலிக்கு வந்ததும் பேரம் பேசத் தொடங்குகிறார்; டப்பாவில்தான் எல்லாம் வந்ததே, தனியாக எதற்குக் கிளாம்ப், எதற்குப் பிடி, எதற்கு வேறு ரப்பர் என்று கேட்கிறார். டப்பாவை விற்கிறவனும் இந்த மனோபாவத்தை அறிந்தே, கூலரைப் பளபளப்பாகச் செய்துவிட்டுக் குழாயிலும் கிளாம்பிலும் காசை மிச்சம் பிடிக்கிறான். இது திருந்த வேண்டும். கட்டி முடித்ததைப் பானெட்டை மூடிய பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும், பார்க்கப் போகிறவர்களுக்காகச் செய்வதைவிட ஒழுங்காகச் செய்கிற கை எந்த ஊரிலும் அபூர்வம். அதற்கு உரிய கூலியைக் கொடுப்பது தருமமும் ஆகும், லாபமும் ஆகும்.

பாய் வேலையை முடித்து, கூலரும் குழாயும் கொள்ளும் அளவுக்குப் புது எண்ணெயைச் சேர்த்து, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்து, எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகு, அந்த வண்டிக்கு விதித்த முறைப்படி அளவு பார்த்தார். பிறகு பழைய தினத்தந்தித் தாள்களைத் தரையில் விரித்து, வண்டியை அவற்றின் மேல் நிறுத்தி, ராத்திரி அப்படியே இருக்கட்டும் என்றார். ஓட்டுநர் முணுமுணுத்தார், முதலாளிக்குப் போன் செய்தார், கடைசியில் இருந்துவிட்டார். காலையில் தாளில் ஒரு சிவப்புப் பொட்டுக்கூட இல்லை.

வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இரண்டு விஷயம். வடித்தெடுத்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற எந்த ஷெட்டையும் அனுமதிக்காதீர்கள். அது பாலாற்றுக்குத்தான் போகும். கழிவு எண்ணெயை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் ஷெட்டு அதைச் செய்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்று, புது ரப்பர் முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் சூட்டால் சற்றே அமுங்கும், அதனால் கிளாம்பும் தளரும். கூலர் பொருத்திய வண்டியை ஒரு மாதம் கழித்து அதே ஷெட்டுக்குக் கொண்டுபோய், கீழே படுத்து ஒவ்வொரு கிளாம்பையும் பிடியையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கேட்கிற கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.